இடது கால், எட்டாம் அளவு

போன மாதம் தவுக்கேயின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டார். தவுக்கே என்றால் முதலாளி. இப்போது கடையை மகள்தான் நடத்துகிறார். பாதத்தை ஸ்கேன் செய்யும் இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். அதை வைப்பதற்காக, நான் பத்தொன்பது வருடம் குனிந்து உட்கார்ந்திருந்த மூலையை உடைக்கிறார்களாம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த மூலைக்கு விசிறிக் காற்று வராது.

பெஞ்சுக்கு அடியில் பழைய சப்பாத்து ஒன்றின் உள்மெத்தை ஆணியடித்து மாட்டியிருக்கிறது, கறை பிடித்துக் கிடக்கிறது, வீசிவிடலாமா என்று மலாயில் கேட்டார்.

இடது காலா என்று கேட்டேன். பார்த்துவிட்டு ஆமாம் என்றார். எட்டாம் அளவா என்றேன். அதற்கும் ஆமாம் என்றார். வீச வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். தொலைபேசியில் சொல்கிற கதை இல்லை.

அவருக்கு நான் ஏற்கெனவே ஒரு பாக்கி வைத்திருந்தேன். ஓய்வு பெறும்போது, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக வாடிக்கையாளர் சேவை பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். நான் எழுதிக் கொடுத்தது ஒரு வரி: 'கேட்காதே, பார்.' அது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன். மலாயில் பெயர்த்துக்கொள்வது அவர் பாடு.

நான் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்து சிலிபினில் தங்கினோம். பதினெட்டு வயதில் பள்ளிச் சப்பாத்து விற்கும் கடையில் சேர்ந்து இருபத்தொன்பது வருடம் அங்கேயே இருந்தேன். அத்தனை வருடத்தில் கற்றது இதுதான்: தாய்மார்கள் பிள்ளைக்கு இரண்டு அளவு பெரிதாகத்தான் வாங்குவார்கள். முன்பக்கம் பஞ்சை அடைப்பார்கள். கால் வளர்ந்து சப்பாத்துக்குச் சரியாக வரும் நாளில் சப்பாத்து கிழிந்திருக்கும். என் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் மவன் அடுத்தவன் காலப் புடிச்சுப் பொழைக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

நாற்பத்தேழு வயதில் தவுக்கேயிடம் போனேன். ஓடுகிறவர்களுக்கு மட்டும் சப்பாத்து விற்கும் கடை. ஈப்போவில் அப்போது நாய் துரத்தினால்தான் ஓடுவோம். அதற்கென்று தனிச் சப்பாத்தா என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். தவுக்கே சிரிக்கவில்லை. அவர் எதற்குமே சிரித்து நான் பார்த்ததில்லை. தினமும் காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டு, குளித்து, கஞ்சி குடித்து, சரியாகப் பத்து மணிக்குக் கடையைத் திறப்பார். என்னிடம் மலாயில் பேசுவார், அதுவும் குறைவாக. ஒரு தோட்டத்தை ஒட்டிய சீனர்களின் புதுக்கிராமத்தில் வளர்ந்தவர் என்பதால் அவருக்கு மூன்று தமிழ்ச் சொற்கள் தெரியும். உக்காரு, எந்திரி, நட. டத்தோ பட்டம் வாங்கியவர் வந்தாலும் உக்காருதான், ஆலயத் தலைவர் வந்தாலும் உக்காருதான். நம்மவர்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சொன்னவுடன் உட்கார்ந்துவிடுவார்கள்.

அவர் வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் விவரமாகவே எழுத வேண்டும். அளவு என்ன என்று வாடிக்கையாளரிடம் கேட்கக்கூடாது. கேட்டால் கல்யாணத்துக்கு வாங்கிய சப்பாத்தின் அளவைச் சொல்வார்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். உட்கார வைத்து அளக்கக்கூடாது, நிற்க வைத்து அளக்க வேண்டும், நின்றால்தான் பாதம் விரியும். குதிகால், அளவெடுக்கும் இரும்புப் பலகையின் பின்சுவரில் போய் முட்டுகிறதா என்று கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். பழைய சப்பாத்தை மேசையில் வைத்து, பின்னாலிருந்து கண் மட்டத்தில் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அது சொல்லிவிடும்.

பிறகு புதுச் சப்பாத்தின் உள்மெத்தையை உருவித் தரையில் போட்டு, சாக்ஸைக் கழற்றச் சொல்லி வெறுங்காலோடு அதன் மேல் நிற்க வைக்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். எந்த விரலும் விளிம்பைத் தாண்டக்கூடாது. அதற்குப் பிறகுதான் சப்பாத்தை மாட்டுவது. மாட்டியவுடன் வெளியே காக்கி லீமாவில், அதாவது கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையில், முடிதிருத்தும் கடை வரைக்கும் ஓடிவிட்டு வரச் சொல்வார். ஓடும்போது தவுக்கே பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இரண்டு காலும் ஒரே சத்தம் போடுகிறதா என்று கேட்பார். புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் ஆள் தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

'ஓகேயா?' என்று கேட்பது கடையில் பெரிய குற்றம். இந்த ஊரில் எதைக் கேட்டாலும் ஓகே லா என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் சப்பாத்துக்கு இல்லை, கேட்டவன் மனம் நோகக்கூடாது என்பதற்காக. அதனால், 'எந்தக் காலில் வித்தியாசம் தெரிகிறது?' என்று கேட்க வேண்டும். ஒருவருக்கும் இரண்டு காலும் ஒன்றாக இருப்பதில்லை. அந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு காலைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு முறை ஓர் ஆசிரியை வந்தார். தன் கால் ஆறுதான் என்று சாதித்தார். அளந்தால் ஏழரை. தவுக்கே வாதாடவில்லை. ஏழரையை எடுத்து வந்து, நாக்குப் பகுதியில் அச்சடித்த எண்ணைத் தன் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டினார். அந்த அம்மா ஓடிவிட்டு வந்து, ஆறு என்றால் ஆறுதான் என்றார். தவுக்கே தலையாட்டினார். அந்த அம்மா அதற்குப் பின் ஏழு சோடி வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் மறைத்துக்கொண்டுதான் இருந்தது.

இதில் எனக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு. சீனர்களும் மலாய்க்கார ஆண்களும் நான் காலைத் தொட்டால் ஒன்றும் நினைப்பதில்லை. மலாய்ப் பெண்களுக்குத் தவுக்கேயின் மனைவி அளவு பார்ப்பார். நம்மவர்கள்தான் காலைச் சட்டென்று இழுத்துக்கொள்வார்கள். வயதில் மூத்தவன் இளையவன் காலைத் தொட்டால் பாவம் இளையவனுக்கு. நானும் அப்படி வளர்ந்தவன்தான், குறை சொல்ல மாட்டேன். "நான் ஒங்க கால எங்க தொடுறேன், சப்பாத்தத்தான் தொடுறேன்" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது வரை அது செல்லுபடியானது. மீசை நரைத்த பிறகு அதற்கு மதிப்புக் குறைந்துவிட்டது.

எனக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது ஆறுமுகம் வந்தார்.

சனிக்கிழமை பிற்பகல். மறுவாரம் ஈப்போவில் ஓட்டப் போட்டி இருந்ததால் கடை நிறைய ஆட்கள். ஆறுமுகம் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை பார்ப்பவர். வாசலில் நின்று வருவோர் போவோரைப் பார்த்துக் கதவு திறந்துவிடும் காவல் வேலை. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய பணிவு. சீருடையோடும் கருநீல சாக்ஸோடும் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, டாக்டர் தெனம் நடக்கச் சொல்லிட்டாரு. சூசா, தொந்தரவு எதுவும் இல்லாத சப்பாத்து ஒண்ணு பாத்துக் கொடுங்க."

"ஒடம்புக்கு என்ன?"

"இனிப்பு நீர்தாண்ணே, சக்கர வியாதி. நம்ம ஆளுங்களுக்கு வேற என்ன வரும்."

"எத்தன வருஷமா?"

"பதினாலு, பதினஞ்சு இருக்கும். ஆனா காலுக்கு ஒண்ணும் இல்லண்ணே. வலியே கெடையாது. நல்ல கால்."

வலியே கிடையாது என்று அவர் பெருமையாகச் சொன்னபோது நான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். பலகையை எடுத்துக்கொண்டு குனிந்தேன். இரண்டு காலையும் பெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டார்.

"வேணாம்ணே. நீங்க என் கால்ல கை வைக்கக்கூடாது. எனக்கு அம்பத்தஞ்சுதான் ஆவுது. நீங்க என் பெரியண்ணன் மாதிரி இருக்கீங்க."

சப்பாத்தைத்தான் தொடுகிறேன் என்ற பாட்டைப் பாடினேன். எடுபடவில்லை. அவரே சாக்ஸோடு பலகையில் காலை வைத்தார். குதிகால் பின்சுவரில் முட்டவில்லை. பார்வைக்கு ஒன்பது என்று தெரிந்தது. தான் எப்போதும் எட்டுதான் என்றும், கம்பெனி கொடுக்கும் பூட்ஸும் எட்டுதான் என்றும் சொன்னார்.

ஒன்பதைக் கொடுத்தேன். முடிதிருத்தும் கடை வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். "நல்லா இருக்கு லா. ஆனா கால்ல ஒண்ணும் போடாத மாதிரி இருக்குண்ணே" என்றார். எட்டரையைக் கொடுத்தேன். அதுவும் அப்படியே. கடைசியில் எட்டைக் கொடுத்தேன். எழுந்து நின்று தரையை இரண்டு மிதி மிதித்தார். முகம் மலர்ந்தது.

"இதுதாண்ணே. இப்பதான் கால்ல சப்பாத்து இருக்குன்னே தெரியுது."

"எந்தக் கால்ல வித்தியாசம் தெரியுது?"

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே. நல்லா இருக்கு லா."

பதினொரு வருடத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் அப்படிப் பதில் சொன்னதில்லை. நான் அதை நல்ல பதில் என்று எடுத்துக்கொண்டேன். உள்மெத்தையை உருவிப் போட்டு அவரை வெறுங்காலோடு நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குச் சாக்ஸைக் கழற்ற வேண்டும், நான் அவர் காலைப் பிடிக்க வேண்டும். அவர் விட மாட்டார். பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். சரி, மனிதரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதை அன்று மரியாதை என்று நினைத்தேன். பாதி மரியாதை, பாதி அவசரம்.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, கடையில் ஈ எறும்பு இல்லை. ஆறுமுகம் ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு, சாக்ஸோடு, கையில் பிளாஸ்டிக் பையோடு வந்தார்.

"அண்ணே, கொற சொல்ல வரல. சப்பாத்து ரொம்ப நல்லா இருக்கு. தெனம் அஞ்சு கிலோமீட்டர் நடக்குறேன். உள்ள ஒரு கறை வந்திருக்கு, தொவச்சும் போவ மாட்டேங்குது. எந்த சோப்பு போடலாம்னு கேக்க வந்தேன்."

இடது சப்பாத்தின் உள்மெத்தையை உருவினேன். சுண்டுவிரல் பக்கம் ஐம்பது காசு அகலத்துக்குப் பழுப்புக் கறை. ஓரம் காய்ந்திருந்தது. நடுவில் விரலை வைத்தேன், ஈரம்.

"சாக்ஸக் கழட்டுங்க."

"வேணாம்ணே. நைட் ஷிப்ட்டு முடிச்சு நேரா வாரேன். நாறும்."

என்ன செய்வதென்று தெரியாமல் மெத்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து தவுக்கே வந்தார். என் கையைப் பார்த்தார். ஆறுமுகத்தின் காலைப் பார்த்தார்.

"உக்காரு" என்றார்.

ஆறுமுகம் உட்கார்ந்தார். தவுக்கே தரையில் மண்டியிட்டு, அவரே சாக்ஸை உருவினார். சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. அதற்கு அடுத்த விரல் பக்கவாட்டில் பிளந்திருந்தது. நான் என்னையும் அறியாமல் அந்த இடத்துக்குப் பக்கத்தில் அழுத்தினேன்.

"வலிக்குதா?"

"எங்கண்ணே?" என்றார் ஆறுமுகம்.

அவர் அப்போது தன் காலைப் பார்க்கவில்லை. வயிறு பெரிது, குனிந்தாலும் தெரியாது. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவுக்கே கடையை மூடினார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் கடை மூடியதை முடிதிருத்துகிறவர் வெளியே வந்து பார்த்தார். வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், "எனக்காகக் கடைய மூட வேணாம்னு தவுக்கேகிட்ட சொல்லுங்கண்ணே" என்று ஆறுமுகம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பாதமே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர்தான் எனக்கு அந்த விஷயத்தையும் விளக்கினார். நரம்பு செத்த காலுக்குச் சரியான அளவுச் சப்பாத்து போட்டால் ஒன்றும் போடாத மாதிரிதான் இருக்குமாம். இறுக்கிப் பிடித்தால்தான் ஏதோ இருப்பது லேசாகத் தெரியுமாம். அதனால் அவர்கள் எப்போதும் சிறியதையே கேட்டு வாங்குவார்களாம். நான் நாற்பது வருடம் சப்பாத்து விற்றவன். அதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அறுவைக்கு மறுநாள் பார்க்கப் போனேன். ஆறுமுகம் பக்கத்துக் கட்டில்காரரிடம் என்னை அறிமுகம் செய்து வைத்தார். "இந்த அண்ணேதான் எனக்குச் சப்பாத்து பாத்துக் கொடுத்தாரு. ரொம்ப நல்ல சப்பாத்து" என்றார்.

"ஆறுமுகம், தப்பு என்னுது. ஒம்போது போட வேண்டிய காலுக்கு எட்டக் கொடுத்துட்டேன்."

"நாந்தானேண்ணே எட்டு கேட்டேன்."

அவர் திட்டியிருந்தால் நின்று கேட்டிருப்பேன். கீழே இறங்கி வந்து கார் நிறுத்தும் இடத்தில் என் பழைய காரின் கூரை மேல் தலையை வைத்து அழுதேன். எனக்கு அப்படி அழுது பழக்கமில்லை. அப்பா செத்தபோதுகூட அவ்வளவு நேரம் அழவில்லை.

கடைக்குத் திரும்பியபோது தவுக்கே அந்த உள்மெத்தையை மேசையில் வைத்திருந்தார். விரல்கள் பதிந்த பள்ளங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். கட்டைவிரல், அடுத்தது, அதற்கடுத்தது. சுண்டுவிரலுக்குப் பள்ளமே இல்லை. அது மெத்தைக்கு வெளியே, சப்பாத்தின் தையல் மேல் இருந்திருக்கிறது.

"இதன் மேல் நிற்க வைத்தாயா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லை."

"ஏன்?"

நான் அவரைவிட மூத்தவன், அவர் காலைத் தொட விடவில்லை என்று சொன்னேன். ஒரு சீனருக்கு அதை விளக்குவது சிரமமாக இருக்கும் என்று நினைத்தேன். அவருக்குப் புரிந்தது.

"அன்றைக்கு நானும் கடையில்தான் இருந்தேன். சாக்ஸ் கழற்றாததைப் பார்த்தேன். நானும் உக்காரு என்று சொல்லவில்லை" என்றார்.

பிறகு சுத்தியலை எடுத்துவந்து அந்த மெத்தையைப் பெஞ்சுக்கு அடியில் ஆணியடித்தார். பெஞ்சில் உட்காருகிற வாடிக்கையாளருக்கு அது தெரியாது. கீழே குட்டை முக்காலியில் உட்கார்ந்து காலைப் பார்க்கிறவனுக்கு மட்டும் முகத்துக்கு நேராகத் தெரியும்.

நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். அவனுக்கு அடுத்த சப்பாத்தை யார் பார்ப்பது என்று கேட்டார் தவுக்கே. அதைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார். பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவதற்கு எனக்கு எட்டு வருடம் ஆயிற்று.

புண் ஆறி, டாக்டர் சரி என்று சொல்ல மூன்று மாதம் ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார் ஆறுமுகம். இந்த முறை அவர் காலைத் தொடாமல் விட முடியாது. எனக்கு ராத்திரியெல்லாம் அதே யோசனை. கடைசியில் ஒரு வழி கிடைத்தது. காலையில் எழுந்து தலைக்கும் மீசைக்கும் கறுப்புச் சாயம் அடித்தேன். நாற்பது வருடத்தில் இல்லாத அலங்காரம். "யாரப் பாக்கப் போறீங்க?" என்று என் மனைவி சமையல் கரண்டியோடு வந்து கேட்டாள். "ஆறுமுகத்த" என்றேன். அதற்கு மேல் அவளுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

ஆறுமுகம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் முக்காலியில் உட்கார்ந்தவுடன் காலைத் தூக்கிக்கொண்டார்.

"அண்ணே, வேணாம்ணே. இத்தன தூரம் நீங்க செஞ்சதே போதும்."

"ஒங்களுக்கு அம்பத்தஞ்சுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாண்ணே."

"எனக்கு அம்பத்திமூணுதான் ஆவுது. நீங்கதான் எனக்கு அண்ணே."

அவர் என் முகத்தையே பார்த்தார். மீசையில் கொஞ்ச நேரம் கண் நின்றது.

"அம்பத்திமூணா?"

"தோட்டத்து வெயில்ல வளந்த ஒடம்பு. சீக்கிரம் முத்திப்போச்சு."

"பாவம் லா" என்றார். அப்புறம் காலை மெதுவாக இறக்கி என் மடியில் வைத்தார். "அப்பச் சரி தம்பி. பாரு."

பார்த்தேன். நிற்க வைத்து அளந்து, அகலமான அச்சில் ஒன்பதரை எடுத்தேன். மாட்டுவதற்கு முன் சப்பாத்துக்குள் கையை விட்டு ஒவ்வொரு தையலையும் தடவினேன். விரல் இல்லாத இடத்தில் கால் வழுக்கிப் போகாமல் இருக்க, டாக்டர் சொன்னபடி மெல்லிய பஞ்சுத் துண்டு வைத்தேன். கருநீல சாக்ஸைக் குப்பையில் போட்டுவிட்டு வெள்ளை சாக்ஸ் கொடுத்தேன். வெள்ளையில் ரத்தம் பட்டால் உடனே தெரியும். தையல் விரலில் உரசாமல் இருக்க அதைத் திருப்பிப் போடச் சொன்னேன். பிறகு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து காலைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றேன். சப்பாத்து வாங்க வேண்டியதில்லை, காலைக் காட்டினால் போதும். ஒரு மாதமும் தவறாமல் வந்தார்.

எட்டு வருடம் அவர் எனக்கு அண்ணே, நான் அவருக்குத் தம்பி. மூன்று முறை விரலிடுக்கில் சிவந்திருந்ததைப் பிடித்தேன். ஒரு முறை சப்பாத்தின் அடியில் சின்ன ஆணி ஒன்று ஏறியிருந்தது. அதோடு இரண்டு நாள் நடந்திருக்கிறார். "சப்பாத்து கொஞ்சம் நல்லா பிடிச்சிருக்குன்னு நெனச்சேன் தம்பி" என்றார். தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு நடக்கக்கூடாது, வெள்ளை சாக்ஸாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது, "அத முருகன்கிட்ட நீயே சொல்லிரு தம்பி" என்றார். சொன்னேன். கோயிலுக்குப் போய் நின்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வருடம் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார்.

பொய் சொல்வது சுலபம், அதைப் பராமரிப்பதுதான் சிரமம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சாயம் அடிக்க வேண்டியிருந்தது. காலை இழுத்துக்கொண்ட மற்றவர்களுக்கும் அதே மருந்தைக் கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் அவர்கள் வயதைக் கேட்பது, பிறகு இரண்டைக் கழித்து என் வயதைச் சொல்வது. அந்தக் கடையிலேயே வயதானவன் நான்தான், எல்லாருக்கும் தம்பியும் நான்தான். முப்பதுக்குக் கீழே உள்ளவர்களிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. அவர்களுக்குத் தவுக்கே இருந்தார்.

இயந்திரத்தைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று தவுக்கேயின் மகள் கேட்டிருந்தார். எனக்கு அதன் மேல் ஒரு மனக்குறையும் கிடையாது. அதற்கு வயது இல்லை. சாக்ஸைக் கழற்று என்று திரையில் காட்டினால் எல்லாரும் கழற்றிவிடுவார்கள், யாருக்கும் பாவம் சேராது. கழற்றிய காலை ஒரு மனிதனும் குனிந்து பார்த்தால் போதும்.

நான் ஓய்வு பெற்ற நாள் ஒரு மாதத்தின் முதல் ஞாயிறு. அதை நான் யோசிக்கவில்லை. தவுக்கேயின் மகள் கேக் வாங்கியிருந்தார். அதன் மேல் எண் வடிவத்தில் இரண்டு மெழுகுவர்த்தி, ஆறும் ஆறும். கொளுத்தி முடிக்கவும் ஆறுமுகம் கதவைத் தள்ளிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. அவசரமாக ஊதினேன். நெருப்புதான் அணைந்தது. இரண்டு ஆறும் அப்படியே நின்றன. ஆறுமுகத்திடம் சொன்ன கணக்குப்படி எனக்கு அன்று அறுபத்தொன்று.

ஆறுமுகம் கேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குக் கொடுத்த துண்டில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். மிச்சத்தைத் தின்றுவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பின்னாலேயே போய் முக்காலியில் உட்கார்ந்தேன்.

"அறுவத்தாறா?" என்றார்.

"ஆமா."

"அப்ப அன்னிக்கு அம்பத்தெட்டு."

"ஆமா."

"தெரியும் லா. மீசையில அடிச்ச மை காயவே இல்ல. மேல் ஒதட்டுல வழிஞ்சு கெடந்துச்சு."

"தெரிஞ்சா, ஏன் கால நீட்டுனீங்க?" என்று கேட்டேன்.

அவர் குனிய முடிகிற அளவுக்குக் குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார்.

"ஆஸ்பத்திரியில என் கட்டிலு சன்னல் பக்கந்தான். கீழ காரு நிறுத்துற எடம் நல்லாத் தெரியும். நீங்க அழுதுக்கிட்டு நின்னதப் பாத்தேன்." சாக்ஸை உருவினார். வெள்ளை சாக்ஸ், தையல் வெளிப்பக்கம். "பாவம் எனக்குத்தானே வரும். வந்தா வந்துட்டுப் போவுதுன்னு விட்டுட்டேன்."

எட்டு வருடம் மாதம் தவறாமல், பாவம் தன் தலையில்தான் ஏறுகிறது என்று நம்பிக்கொண்டே அந்த மனிதர் என் மடியில் காலை வைத்திருக்கிறார். நான்தான் அவரை ஏமாற்றிக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த மாசம் சிலிபின் வீட்டுக்கு வந்துருங்க" என்றேன்.

"வாரேன்" என்றார். பிறகு காலை நீட்டினார். "பாருங்கண்ணே."

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. டார்ச்சை எடுத்தேன். குதிகாலைப் பார்த்தேன், உள்ளங்காலைப் பார்த்தேன். வலது காலில் ஐந்து, இடது காலில் மூன்று, எட்டு விரலையும் ஒவ்வொன்றாகப் பிரித்து இடுக்கில் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். அவர் குனிந்து பார்க்க முடியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கு லா" என்றேன்.